தபாலில் வந்த சாப்ட்வேர்

தபால்காரர் நம் வீட்டுக்கு என்னென்ன கொண்டு வருவார்? கல்யாணப் பத்திரிகை, மணியார்டர், இன்டர்வியூ கார்டு. ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் சாப்ட்வேரும் கொண்டு வந்தார் என்றால் நம்புவீர்களா?

நானும் நம்பவில்லைதான். எங்கள் ஊர் மேல்பட்டாம்பாக்கத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் அண்ணன் ஒருவர் பழைய பிஸ்கட் டப்பாவைத் திறந்து, அட்டை உறையில் இருந்த உபுண்டு சி.டி. ஒன்றைக் காட்டினார். "2008-ல தபால்ல வந்துச்சு தம்பி. ஒத்தப் பைசா செலவில்ல" என்றார். அந்த டப்பாவுக்குப் பின்னால் பெரிய கதையே இருக்கிறது.

காப்பி எடுங்கள், கொடுங்கள்!

ஐ.பி.எம். பி.சி. 1981-ல் வந்தது. வீடுகளில் இன்டர்நெட் கிடையாது. கடையில் விற்ற சாப்ட்வேரோ யானை விலை. அப்போது அமெரிக்காவில் ஆண்ட்ரூ ஃப்ளூகல்மன் என்பவர் 1982-ல் 'பிசி-டாக்' என்ற புரோகிராமை எழுதினார். "தாராளமாகக் காப்பி எடுத்து நண்பர்களுக்குக் கொடுங்கள். பிடித்திருந்தால் எனக்குப் பணம் அனுப்புங்கள்" என்பதுதான் அவர் வைத்த ஏற்பாடு. அதே சமயத்தில் ஜிம் நாஃப் என்பவரும் 'பிசி-ஃபைல்' என்ற புரோகிராமை இதே மாதிரி வெளியிட்டார். இந்த முறைக்குப் பிறகு 'ஷேர்வேர்' என்று பெயர் நிலைத்தது.

சரி, காப்பி எடுக்கப் பக்கத்தில் ஆள் இல்லாதவர் என்ன செய்வார்? அவருக்காகத்தான் தபால் நூலகங்கள் தோன்றின. கலிபோர்னியாவில் 'பிசி-சிக்' என்ற அமைப்பு இப்படிப்பட்ட புரோகிராம்களைச் சேகரித்து, பிளாப்பிகளுக்கு நம்பர் போட்டு, கேட்டலாக் அச்சடித்தது. வேண்டிய நம்பரை எழுதிப் பணம் அனுப்பினால் பிளாப்பி வீடு தேடி வரும். அந்தப் பணம் பிளாப்பிக்கும் தபாலுக்கும்தான். எழுதியவருக்கு உரியதைத் தனியாக அனுப்ப வேண்டும். அமிகா கம்ப்யூட்டர்காரர்களுக்காக ஃப்ரெட் ஃபிஷ் என்ற தனிமனிதர் 1994 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைத் தொகுத்தார்.

அன்றைய 5¼ அங்குல பிளாப்பியில் அடங்கியது 360 கே.பி. நம் செல்போனில் எடுக்கும் 3 எம்.பி. போட்டோ ஒன்றுக்கே ஒன்பது பிளாப்பி வேண்டும். அதற்குள் புரோகிராமும் வைத்து, 'ரீட்மீ' என்று விளக்கமும் எழுதி வைத்தார்கள்.

நம் நாட்டில்

இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று. வந்தாலும் டயல்-அப் வேகம்தான். ஒரு கணக்குப் போடுவோம். ஒரு சி.டி.யின் கொள்ளளவு 700 எம்.பி., அதாவது 5,600 மெகாபிட். மோடத்தின் உச்ச வேகம் விநாடிக்கு 56 கிலோபிட். வகுத்தால் 1,00,000 விநாடி, கிட்டத்தட்ட 28 மணி நேரம்! நடுவில் லைன் கட் ஆனால் போச்சு. அத்தனை நேரத்துக்கும் டெலிபோன் பில் வேறு.

அதனால்தான் சி.டி. தபாலில் வந்தது. 'பிசி குவெஸ்ட்' பத்திரிகை 1996-ல் லினக்ஸ் சி.டி.யை இதழோடு கொடுத்தது. உபுண்டுவை வெளியிடும் கேனானிக்கல் நிறுவனம் 'ஷிப்-இட்' என்ற திட்டத்தில் முகவரி கேட்டு, உலகம் முழுக்க இலவசமாக சி.டி. அனுப்பியது. 2011-ல் அது நின்றது. நம் தமிழுக்கும் இதில் இடம் உண்டு. 2005 ஏப்ரலில் மத்திய அரசு தமிழ் எழுத்துருக்களும் மென்பொருள்களும் அடங்கிய இலவச சி.டி.யை வெளியிட்டது. பெயரைப் பதிவு செய்தவர்களுக்குத் தபாலிலேயே வந்தது.

"மூணு சி.டி. வந்துச்சு. ரெண்ட அப்பவே குடுத்துட்டேன். குடுக்கத்தானே அனுப்புறாங்க?" என்றார் அண்ணன்.

இன்று நம் நிலைமை

"இதெல்லாம் பழைய கதை, இப்போதுதான் எல்லாம் டவுன்லோடு ஆகிறதே" என்பீர்கள். என் கதையைக் கேளுங்கள். எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பா கரும்பு வெட்டிச் சேர்த்த காசில் செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் வாங்கித் தந்தார். 2 ஜி.பி. ராம். விண்டோஸ் அதில் நகரவே இல்லை. உபுண்டு போடலாம் என்றால் இன்றைய அளவு கிட்டத்தட்ட 6 ஜி.பி. என் ரீசார்ஜில் நாளுக்கு 1.5 ஜி.பி. நான்கு நாள் டேட்டா! அன்று 28 மணி, இன்று நான்கு நாள். இரண்டு முறை பாதியில் நின்று, டேட்டாவும் போனதுதான் மிச்சம்.

கடைசியில் அந்த அண்ணன்தான், "இந்த மெஷினுக்கு உபுண்டு தாங்காது, லுபுண்டு போடு" என்று பென்டிரைவில் காப்பி செய்து கொடுத்தார். பத்தே நிமிஷம்! அந்த கம்ப்யூட்டரில்தான் இப்போது 'சி' புரோகிராம் போட்டுப் பழகுகிறேன்.

ஆகவே நண்பர்களே, நம் மாணவர் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். ஒரு ஹார்டு டிஸ்க் வாங்குவோம். லினக்ஸ், 'சி' கம்பைலர், பைத்தான், லிப்ரே ஆபீஸ், கிகேட், தமிழ் எழுத்துருக்கள் எல்லாவற்றையும் அதில் சேர்த்து, நம்பர் போட்டு, ஒரு நோட்டில் பட்டியல் எழுதி வைப்போம். திருட்டுக் காப்பி ஒன்றுகூட வேண்டாம். இவை எல்லாமே காப்பி எடுத்துக் கொடுக்க அனுமதி உள்ளவை. ஒவ்வொன்றின் செக்சம் எண்ணையும் சரிபார்த்தே ஏற்றுவோம். ஃபைலில் ஒரு பிட் மாறியிருந்தாலும் அந்த எண் காட்டிக் கொடுத்துவிடும்.

பென்டிரைவ் கொண்டு வருபவர் எடுத்துப் போகட்டும். எடுத்துப் போனவர் தன் ஊரில் இன்னும் இரண்டு பேருக்குக் கொடுக்கட்டும். தபால்காரர் செய்த வேலையை இனி நாம் செய்வோம்!