மூளையில் தேங்கும் இரும்பு

கிறிஸ்துவுக்குள் பிரியமான பங்காளர்களே,

புதுக்கோட்டை மாவட்டத்தில் நடைபெறும் இந்த மருத்துவ ஊழியத்தை உங்கள் ஜெபங்களாலும் காணிக்கைகளாலும் தாங்கி வருகிறீர்கள். அதற்காக தேவனைத் துதிக்கிறோம்.

இரத்தசோகை, பாம்புக்கடி, நீரிழிவு, பிரசவ காலப் பராமரிப்பு ஆகியவையே நம் மருத்துவமனையின் அன்றாட வேலை. இம்முறை அபூர்வமான ஒரு நோயைக் குறித்து எழுதுகிறோம். மூளையில் இரும்புச்சத்து தேங்கி, ஓடியாடித் திரிந்த பிள்ளையைப் படுக்கையில் தள்ளும் பரம்பரை நோய் அது. பத்து லட்சம் பேரில் ஓரிருவருக்கே வருவதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. ஆயினும் வந்த வீட்டுக்கு அது அபூர்வம் அல்ல, முழுப் பாரம்.

இரும்பு ஏன் தேவை?

வளர்ந்த ஒருவரின் உடலில் உள்ள இரும்பு மொத்தம் 3 முதல் 4 கிராம்தான். அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இரத்தத்தின் ஹீமோகுளோபினில் இருக்கிறது. உணவிலிருந்து நாள்தோறும் 1 முதல் 2 மில்லிகிராம் மட்டுமே உடலில் சேருகிறது.

நம் ஊர்க் கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். வரத்து வாய்க்காலில் நீர் வருகிறது. கண்மாய் நிறைந்தால் கலிங்கு வழியாக வெளியேறுகிறது. இரும்பைப் பொறுத்தவரை நம் உடலுக்கு வரத்து வாய்க்கால் உண்டு, கலிங்கு இல்லை. மிஞ்சியதை வெளியேற்றத் தனி வழி கிடையாது. ஆகவே உள்ளே வரும் இடத்திலேயே அளவு காக்கப்படுகிறது. ஈரலில் சுரக்கும் ஹெப்சிடின் என்னும் ஹார்மோன், மடையைத் திறந்து மூடும் ஆளைப் போல இந்த வேலையைச் செய்கிறது. 2000-ஆம் ஆண்டையொட்டித்தான் விஞ்ஞானிகள் இதைக் கண்டறிந்தார்கள்.

மூளைக்கும் இரும்பு வேண்டும். நரம்பு செல்கள் சக்தி பெறவும், நரம்புகளின் மேலுறை உருவாகவும் அது அவசியம். ஆனால் கட்டுக்குள் அடங்காத இரும்பு ஆக்ஸிஜனோடு சேர்ந்து செல்களை அரிக்கும் பொருட்களை உண்டாக்குகிறது. வெயிலிலும் மழையிலும் கிடக்கும் ஆணி துருப்பிடிப்பதை இதற்கு ஒருவாறு ஒப்பிடலாம்.

நோய் எப்படித் தொடங்குகிறது?

இவ்வகை நோய்கள் பல உண்டு. அவற்றில் அதிகம் காணப்படுவது பிகேஏஎன் என்று சுருக்கமாக அழைக்கப்படுவது. பெரும்பாலும் ஆறு வயதுக்குள் தொடங்குகிறது. பிள்ளை அடிக்கடி இடறி விழும். பிறகு கால் முறுக்கிக்கொள்ளும், கழுத்தும் முதுகும் வளையும், பேச்சு குழறும், விழுங்குவது கடினமாகும். சிலருக்கு மாலை மங்கிய பின் கண் தெரியாது. தொடங்கிய 10 முதல் 15 ஆண்டுகளில் பலர் நடக்கும் திறனை இழக்கிறார்கள். பத்து வயதுக்குப் பின் தொடங்கும் வகை மெதுவாக முற்றும். அதில் பேச்சிலும் நடத்தையிலும் மாற்றம் முதலில் தெரியலாம்.

மூளையின் ஆழத்தில் நம் அசைவுகளை ஒழுங்குபடுத்தும் பகுதியில் இரும்பு தேங்குகிறது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் அப்பகுதி கறுத்து, நடுவில் வெளிச்சமான புள்ளியோடு தெரியும். மருத்துவர்கள் இதைப் "புலிக்கண்" அடையாளம் என்பார்கள்.

1922-இல் ஜெர்மனியில் ஹாலர்வோர்டன், ஸ்பாட்ஸ் என்னும் இரு மருத்துவர்கள் ஒரே குடும்பத்துச் சகோதரிகள் ஐவரிடம் இந்நோயைக் கண்டு எழுதினார்கள். பல்லாண்டுகள் அவர்கள் பெயராலேயே அது வழங்கியது. ஆனால் ஹிட்லரின் ஆட்சியில், வாழத் தகுதியற்றவர்கள் என்று கொல்லப்பட்ட ஊனமுற்றோரின் மூளைகளை ஹாலர்வோர்டன் ஆராய்ச்சிக்காகப் பெற்றுக்கொண்டவர். இது வெளிச்சத்துக்கு வந்தபின், நோயுற்ற பிள்ளைகள்மேல் அந்தப் பெயர் இருக்கக் கூடாது என்று மருத்துவ உலகம் அதைக் கைவிட்டது. ஒவ்வொரு உயிரும் தேவனுடைய சாயலில் படைக்கப்பட்டது என்று விசுவாசிக்கிற நாம் இதை மறக்கலாகாது.

ஆராய்ச்சி கண்டுபிடித்தது என்ன?

2001-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த டாக்டர் சூசன் ஹேஃப்லிக்கும் அவருடன் உழைத்தவர்களும் இந்நோய்க்குக் காரணமான மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அதன் பெயர் பேங்க்-2. ஆச்சரியம் என்னவென்றால், அது இரும்பைக் கையாளும் மரபணு அல்ல. நாம் உண்ணும் வைட்டமின் பி-5 என்னும் சத்தைச் செல்களுக்குப் பயன்படும் பொருளாக மாற்றும் வேலையின் முதல் படியைச் செய்யும் மரபணு. அது பழுதானால் செல்லின் சக்திக்கூடமே தள்ளாடுகிறது. அதன் தொடர்ச்சியாக இரும்பு தேங்குகிறது.

அப்படியானால் இரும்பு நோயின் வேரா, அல்லது வேர் அழுகியபின் தெரியும் அடையாளமா? அதை அறிய இரும்பை அகற்றிப் பார்த்தார்கள். டெஃபெரிப்ரோன் என்னும் மாத்திரை உடலில் மிஞ்சிய இரும்பைப் பிடித்து வெளியேற்றும். அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியா பிள்ளைகளுக்காக, 1990-களின் நடுவில், உலகிலேயே முதலாவதாக நம் இந்தியாவில்தான் இம்மருந்துக்கு அனுமதி கிடைத்தது. மூளைக்குள்ளும் செல்லக்கூடியது என்பதால் பிகேஏஎன் நோயாளிகள் 88 பேரை வைத்து 18 மாதங்கள் சோதித்தார்கள். முடிவு 2019-இல் வெளியானது. மூளையில் இரும்பு குறைந்தது. நோய் முற்றும் வேகம் சற்றுக் குறைந்தது போலத் தோன்றினாலும், மருந்தால்தான் என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வேறுபாடு இல்லை.

இன்னொரு பாடம் 2022-இல் கிடைத்தது. பார்க்கின்சன் நோயிலும் மூளையில் இரும்பு கூடுகிறது. எனவே புதிதாக நோய் கண்டவர்கள் 372 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு இதே மாத்திரையை 36 வாரங்கள் கொடுத்தார்கள். இரும்பு குறைந்தது, ஆனால் மாத்திரை உண்டவர்களின் நிலை மற்றவர்களைவிட மோசமானது. இரும்பை அகற்றுவதே குணமாகாது என்பதும், நல்லெண்ணம் மட்டும் மருந்தாகாது என்பதும் இதனால் விளங்கின. இப்போது ஆராய்ச்சியாளர்கள் வேரை நோக்கித் திரும்பியிருக்கிறார்கள். பழுதான படியைத் தாண்டி, அடுத்த படியில் உருவாகும் பொருளையே கொடுத்துப் பார்த்ததில் எலிகளிடம் நல்ல மாற்றம் தெரிந்திருக்கிறது.

குற்றம் யாருடையது?

இத்தகைய நோய் வந்த வீட்டில் முதலில் எழும் கேள்வி இதுதான். தாயின் ராசி என்பார்கள். பெண் வீட்டுச் சாபம் என்பார்கள். கிரகண நேரத்தில் வெளியே வந்தாள் என்பார்கள். பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்களும் பாவம் செய்தது அவனா, பெற்றோரா என்றே கேட்டார்கள். ஆண்டவர் அவ்விரண்டையும் மறுத்ததை யோவான் சுவிசேஷத்தின் 9-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம்.

மருத்துவமும் அதையே சொல்கிறது. பழுதான மரபணு ஒன்று மட்டும் இருந்தால் நோய் வராது. தகப்பனிடமிருந்து ஒன்றும் தாயிடமிருந்து ஒன்றுமாக இரண்டும் பழுதாக வந்தால்தான் வரும். ஆகவே இருவருக்கும் சம பங்கு, இருவரிடமும் குற்றமில்லை. இப்படிப்பட்ட தம்பதிக்கு ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு நோய்க்கு உண்டு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி வராது என்று இருந்துவிட முடியாது.

சொந்தத்தில் மணம் முடிக்கும்போது இருவரிடமும் ஒரே பழுது இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு சுமார் 28 திருமணங்கள் உறவுக்குள் நடந்தவை. மாமன் மகள், அத்தை மகன் உறவை இழிவாகப் பேசுவது நம் நோக்கம் அல்ல. அவ்வாறு மணந்தவர்களில் பெரும்பாலோரின் பிள்ளைகள் நலமாகவே இருக்கிறார்கள். ஆனால் குடும்பத்தில் இப்படி ஒரு நோய் இருந்தால், அடுத்த சம்பந்தம் பேசுமுன் மரபியல் ஆலோசனை பெறுவது ஞானம்.

இரும்பு மாத்திரையை நிறுத்த வேண்டாம்

இதை வாசிப்பவர்கள் முருங்கைக்கீரைக்கும் இரும்பு மாத்திரைக்கும் பயந்துவிடக் கூடாது. இந்நோய் உணவினாலோ மாத்திரையினாலோ வருவதல்ல. அதே கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுவரையான தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருந்தது. கர்ப்பிணிகள் மருத்துவர் தரும் மாத்திரையைத் தவறாமல் உண்ண வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

நம் மருத்துவமனை ஆராய்ச்சிக்கூடம் அல்ல. என்றாலும் சரியான நேரத்தில் சரியான இடத்துக்கு அனுப்புவது நம் கடமை. ஏனெனில் இதே போலத் தோன்றும் வில்சன் நோய்க்குச் சிகிச்சை உண்டு. அதில் தேங்குவது இரும்பு அல்ல, தாமிரம். கருவிழி ஓரத்தில் தெரியும் பழுப்பு வளையமும் எளிய இரத்த, சிறுநீர்ச் சோதனைகளும் பெரும்பாலும் அதைக் காட்டிக்கொடுக்கும். 1956 முதல் மருந்து இருக்கிறது. காலத்தோடு கண்டுபிடித்தால் பிள்ளை பள்ளிக்குத் திரும்பலாம். மந்திரிப்பதிலும் தாயத்துக் கட்டுவதிலும் ஓராண்டு கழிந்தால் அந்த வாய்ப்பு நழுவிவிடும்.

1949-இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பியல் பிரிவைத் தொடங்கியது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில்தான். அதுவும் உங்களைப் போன்ற விசுவாசிகளின் காணிக்கையால் வளர்ந்த இடம். அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து ஒரு கூலித் தொழிலாளி பிள்ளையைத் தோளில் சுமந்து அங்கே போக வேண்டுமானால் பேருந்துக் கட்டணம், தங்கும் செலவு, ஸ்கேன், இழக்கும் கூலி எல்லாம் கூடுகின்றன. திமிர்வாதக்காரனைச் சுமந்து வந்த நால்வரைப் போல, இந்தப் பயணத்தில் நீங்கள் தோள்கொடுக்கலாம்.

பிகேஏஎன் என்று உறுதியானாலும் செய்ய வேண்டியவை உண்டு. தசை இறுக்கத்தைத் தளர்த்தும் மாத்திரைகள், உடற்பயிற்சிச் சிகிச்சை, முதுகைத் தாங்கும் நாற்காலி, புரையேறாமல் குழைவாக ஊட்டும் முறை, இரவெல்லாம் விழித்திருக்கும் தாய்க்குச் சில மணி நேர ஓய்வு ஆகியவை நோயைப் போக்காது, வலியைக் குறைக்கும். கைவிடப்படவில்லை என்று அந்தக் குடும்பம் அறிந்துகொள்ளும்.

ஜெபக் குறிப்புகள்

1. பரம்பரை நோய்களால் வாடும் பிள்ளைகளுக்காகவும், இரவும் பகலும் பராமரிக்கும் பெற்றோருக்காகவும்.

2. பழி சுமத்தப்பட்ட தாய்மார் ஆறுதலடைய.

3. ஆராய்ச்சியாளர்களுக்குப் பொறுமையும் உண்மையும் உண்டாக.

4. நம் மருத்துவர்களும் செவிலியர்களும் அறிகுறிகளை ஆரம்பத்திலேயே கண்டுகொள்ளும் கூர்மை பெற.

உங்கள் சபையிலோ தெருவிலோ அடிக்கடி இடறி விழும் பிள்ளை, திடீரெனப் பேச்சு குழறும் பிள்ளை இருந்தால், தாமதியாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறோம். அதுவும் ஒரு காணிக்கையே.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனை ஊழியர்கள்