எந்த விதையைச் சேமிக்கலாம்?
பயிர்களிற் குணங்கள் வழிவழியாக வரும் முறை

மாத்தளை மாவட்டத்துக் கமக்காரர் பலர் எம்மிடம் அடிக்கடி வினவுவது ஒன்றுண்டு. "என் வயலில் விளைந்த நெல்லையே சில போகங்களாக விதைத்து வருகிறேன், பயிர் மாறவில்லை. ஆனால், அதிக விலை கொடுத்து வாங்கிய கலப்பினத் தக்காளியின் பழத்திலிருந்து விதை எடுத்து நட்டபோது, செடிக்குச் செடி வேறாக நின்றது. இது ஏன்?" என்பதே அக்கேள்வி. இதற்கு மண்ணின் குறையோ பசளையின் குறையோ காரணமன்று. தாய் தந்தையின் குணங்கள் வித்தைச் சென்றடையும் முறையே காரணமாகும்.

குணங்களைச் சுமப்பவை

செடியின் உடல் எண்ணற்ற நுண்ணிய கலங்களால் ஆனது. ஒவ்வொரு கலத்தின் கருவினுள்ளும் நூல் போன்ற நிறமூர்த்தங்கள் உள. நெல், தக்காளி, மிளகாய் ஆகியவற்றில் இவை 24, வெங்காயத்தில் 16, மனிதரில் 46. நிறமூர்த்தங்களின் வழியே வரிசையாக அமைந்திருப்பவை பரம்பரையலகுகள். செடியின் உயரம், மணியின் நிறம், நோயைத் தாங்கும் தன்மை முதலியன இவற்றாலேயே வருகின்றன.

நிறமூர்த்தங்கள் சோடி சோடியாக இருக்கும். சோடியில் ஒன்று தாயினது, மற்றது தந்தையினது. மகரந்தமும் சூலும் உண்டாகும்போது சோடிகள் பிரிகின்றன. ஆகவே நெல்லின் மகரந்தத்தில் 12, சூலில் 12. இரண்டும் கூடிய வித்தில் மீண்டும் 24.

சோடி பிரிவதன் விளைவு

செந்நெல்லுக்கும் வெண்ணெல்லுக்கும் இடையே நிறத்திற்குரிய ஓர் அலகு மட்டும் வேறுபடுவதாகக் கொள்வோம். இரண்டையும் கலந்து பெற்ற மணியை விதைத்தால், வரும் செடியின் அரிசி முழுவதும் சிவப்பே. வெண்மைக்குரிய அலகு அழியவில்லை. செம்மைக்குரிய அலகின் ஆட்சியில் அது மறைந்து நிற்கிறது. அச்செடியின் மணிகளை மீண்டும் விதைத்தால், செடிகளுள் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு செந்நெல்லும் ஒரு பங்கு வெண்ணெல்லும் தரும்.

இவ்விதியை முதலிற் கண்டவர் ஒஸ்திரிய நாட்டுத் துறவி கிரெகர் மெண்டல். 1866இல் அவர் வெளியிட்ட பட்டாணிக் கணக்கில், இரண்டாந் தலைமுறையில் உருண்டை விதை 5,474, சுருங்கிய விதை 1,850. இதுவும் ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்றே.

நெல் மாறாதது ஏன்?

நெற்பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும். இவ்வாறு தன்வழிக் கருவுறும்போது, வேறுபட்ட அலகுகளைக் கொண்ட சோடிகள் தலைமுறைதோறும் பாதியாகக் குறையும். ஏழாந் தலைமுறையில் அவை நூற்றுக்கு இரண்டிலும் குறைவு. பத்தலகொட நெல்லாராய்ச்சி நிலையத்தார் முருங்கக்காயன் 302 என்னும் நம் நாட்டு நெல்லையும் இந்தோனேசியாவின் மாஸ் என்னும் நெல்லையும் கலந்து, பல தலைமுறை தெரிந்தெடுத்தே எச். 4 இனத்தை உருவாக்கி 1958இல் வெளியிட்டனர். இன்று நாம் விதைக்கும் பீ.ஜீ. 300, பீ.ஜீ. 352 ஆகியனவும் இவ்வாறு நிலைபெற்ற தூய இனங்களே. பிற நெல்லும் களைநெல்லும் கலவாதவரை அவை மாறா.

கலப்பினத் தக்காளி பிரிவது ஏன்?

கலப்பின விதை இரு தூய வழிகளைக் கலந்து பெற்ற முதற் தலைமுறை. அதன் செடிகள் யாவும் ஒத்திருக்கும். ஆயினும் ஒவ்வொரு செடியிலும் பல சோடிகள் வேறுபட்டவை. இத்தகைய சோடிகள் பத்து, வெவ்வேறு நிறமூர்த்தங்களில் இருப்பதாகக் கொண்டால், அடுத்த தலைமுறையில் அப்பத்திலும் முதற்செடியை ஒத்தது 1,024 செடிகளுக்கு ஒன்றே. ஆட்சியுடைய ஓர் அலகால் வந்த நோயெதிர்ப்பும் நான்கில் ஒரு பங்குச் செடிகளில் இல்லாது போகும். மிகப் பெரிய பழத்தைத் தெரிந்து விதை எடுத்தாலும் பயனில்லை. தோட்டத்துச் செடிகள் யாவும் ஒரே அலகுகளையே உடையன.

வெங்காயத்தின் நிலை வேறு

தம்புள்ளை, கலேவெல பகுதிகளிற் பயிராகும் பெரிய வெங்காயம் தேனீ முதலிய பூச்சிகளால் அயற்செடியின் மகரந்தத்தைப் பெறும். ஆதலால் ஒரே இனத்திலும் கிழங்குக்குக் கிழங்கு அலகுகள் வேறுபடும். இங்கே தாய்க்கிழங்கைத் தெரிந்தெடுப்பது பெரும் பயன் தரும். ஆயினும் அருகில் வேறு இனம் பூத்தால் அதன் குணமும் விதையிற் கலந்துவிடும்.

கமக்காரர் செய்யத்தக்கவை

1. விதைநெல்லுக்கெனத் தனிப் பாத்தி ஒதுக்குக. கதிர் வந்ததும் உயரத்தாலும் நிறத்தாலும் வேறுபட்டவற்றையும் களைநெல்லையும் பிடுங்கி அகற்றுக. சில போகங்களுக்கு ஒருமுறை உறுதிப்படுத்திய விதையைப் புதிதாகப் பெறுக.

2. கலப்பினத் தக்காளி, மிளகாய், கோவா ஆகியவற்றின் விதையைச் சேமியாதீர்.

3. விதை சேமிக்க விரும்புவோர் கலப்பினமல்லாத இனங்களை நடுக. தக்காளியில் திலின, மிளகாயில் எம்.ஐ. 2 போன்றன தக்கவை. மிளகாயில் பூச்சிகளால் அயற்கலப்பு நிகழும்; எனவே வேறு இனத்துக்கு அருகில் விதைச்செடியை வளர்க்க வேண்டாம்.

4. வெங்காய விதைத் தோட்டத்தை வேறு இனம் பூக்கும் தோட்டத்திலிருந்து பல நூறு மீற்றர் விலக்கி அமைக்குக. ஒரே வடிவும் நிறமும் கொண்ட, அழுகலற்ற தாய்க்கிழங்குகளையே நடுக. ஒரு சிலவற்றோடு நில்லாது, பல கிழங்குகளிலிருந்து விதை பெறுக.

5. விதைப் பையில் 'கலப்பினம்' என்றோ 'எஃப் 1' என்றோ குறிக்கப்பட்டுள்ளதா எனப் பார்த்தபின்னரே வாங்குக. ஐயம் நேரின் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கேட்டறிக.

வித்தின் வெளித்தோற்றம் அதனுள் மறைந்துள்ளதைக் காட்டாது. அது எவ்வாறு பிறந்தது என்பதை அறிந்தே விதைப்பீராக.