பதில் வரும் கடிதம்



நாம் எல்லாரும் இங்கிலீஷ் பரீட்சையில் கடிதம் எழுதி வருகிறோம். "நீ சுற்றுலா சென்ற இடத்தைப் பற்றி உன் நண்பனுக்குக் கடிதம் எழுது" என்று கேள்வி வரும். நண்பனின் பெயர் எக்ஸ் எக்ஸ் எக்ஸ். அவன் ஊர் ஒய் ஒய் ஒய். நாமும் நோட்ஸில் உள்ளதை மனப்பாடம் பண்ணி, "ஐ ஆம் ஃபைன் ஹியர், ஹவ் ஆர் யூ தேர்?" என்று நலம் விசாரித்துவிட்டு வருவோம். எத்தனை வருஷமாக விசாரிக்கிறோம்! அந்த எக்ஸ் எக்ஸ் எக்ஸ் ஒரு தடவையாவது பதில் போட்டதுண்டா?

எங்கள் தெருவில் ஒரு அக்கா பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கி காலேஜுக்குப் போனாங்க. முதல் வருஷம் முழுக்க வகுப்பில் வாயே திறக்கவில்லையாம். "பன்னெண்டு வருஷம் இங்கிலீஷ் படிச்சேன். ஆனா ஒரு ஆள்கிட்டகூட அதுல பேசினதில்ல, ஒரு ஆளுக்குக்கூட எழுதினதில்ல" என்று சொன்னாங்க. நமக்கும் அந்த நிலை வரக்கூடாது என்றால் என்ன செய்யலாம்? பதில் போடுகிற ஆளுக்கு எழுதிப் பழக வேண்டும். அதற்கு ஒரு வழிதான் இமெயில் பேனா நண்பர்.

பேனா நண்பர் என்றால் யார்?

நேரில் பார்க்காமல், கடிதத்தின் மூலமாகவே பழகும் நண்பர்தான் பேனா நண்பர். பின்லாந்து நாட்டில் ஒரு அமைப்பு 1952 முதல் 2008 வரை பல நாட்டு மாணவர்களை இப்படிக் கடிதத்தில் இணைத்து வைத்தது. அப்போது ஒரு கடிதம் போய் பதில் வர வாரக்கணக்கில் ஆகும்.

1971-ல் அமெரிக்காவின் ரே டாம்லின்சன் ஒரு கணினியில் இருந்து இன்னொரு கணினிக்குக் கடிதம் அனுப்பிக் காட்டினார். இமெயில் முகவரியின் நடுவே வரும் 'அட்' குறியைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. 1988-ல் நியூயார்க் மாநிலப் பள்ளிகளும் மாஸ்கோ பள்ளிகளும் கணினி வழியாக எழுதிக்கொள்ள ஆரம்பித்தன. அப்போது அமெரிக்காவும் சோவியத் ரஷ்யாவும் ஒன்றையொன்று நம்பாத நாடுகள். ஆனால் பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள்! 1992-ல் அமெரிக்காவின் செயின்ட் ஓலாஃப் கல்லூரியில் இருந்தவர்கள், வெவ்வேறு நாட்டு வகுப்புகளை இமெயிலில் சேர்த்து வைக்கும் வேலையைத் தொடங்கினார்கள்.

இரண்டு பேர் மிதிக்கும் சைக்கிள்

இந்த முறைக்கு 'டேன்டம்' என்று பெயர் உண்டு. டேன்டம் என்பது முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் உட்கார்ந்து இரண்டு பேரும் மிதிக்கும் சைக்கிள். ஜெர்மனியின் போகும் நகரப் பல்கலைக்கழகத்தில் 1990-களில் இதை இமெயிலுக்கு ஏற்றபடி அமைத்தார்கள். விதி சுலபம். பாதிக் கடிதம் என் மொழியில், பாதிக் கடிதம் உன் மொழியில். உன் பிழையை நான் திருத்துவேன், என் பிழையை நீ திருத்துவாய். இதில் ஒருவர் வாத்தியார், ஒருவர் மாணவர் என்பது கிடையாது. இரண்டு பேரும் மிதித்தால்தான் வண்டி ஓடும்.

"நம்மகிட்ட கத்துக்கொடுக்க என்ன இருக்கு?" என்று கேட்காதீர்கள். நம்மிடம் தமிழ் இருக்கிறதே!

என் பேனா நண்பி

எங்கள் ஆங்கில டீச்சர் மூலமாக எனக்குக் கிடைத்த பேனா நண்பி கனடாவில் டொரன்டோவில் இருக்கிறாள். என் வயதுதான். 1983-க்குப் பிறகு இலங்கையில் இருந்து நிறையத் தமிழர்கள் கனடாவுக்குப் போனார்கள். அவள் குடும்பமும் அப்படிப் போனதுதான். அவள் இங்கிலீஷில் வெளுத்து வாங்குவாள். தமிழ் பேசவும் தெரியும். எழுதத்தான் தடுமாற்றம். அவளுடைய அம்மம்மா (அம்மாவின் அம்மா) பெட்டியில் பழைய தமிழ்க் கடிதங்கள் இருக்கின்றனவாம். அதை யாரும் வாசித்துக் காட்டாமல் தானே வாசிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. ஆக, எனக்கு எவ்வளவு இங்கிலீஷ் தேவையோ அவ்வளவு தமிழ் அவளுக்குத் தேவை.

ஜூன் மாதம் அவளிடம் இருந்து வந்த கேள்வி: "உங்கள் ஊரில் மலை பெய்கிறதா?" மழைக்கும் மலைக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதி அனுப்பினேன். குற்றாலத்தில் மலையும் உண்டு, மழையும் உண்டு என்பதால் உதாரணத்துக்குப் பஞ்சமில்லை! இன்னொரு தடவை "அம்மம்மாவோடு கதைத்தேன்" என்று எழுதியிருந்தாள். பாட்டிக்குக் கதை சொன்னாளாக்கும் என்று நினைத்தேன். யாழ்ப்பாணத் தமிழில் கதைப்பது என்றால் பேசுவது என்று பிறகு தெரிந்தது.

இங்கிலீஷில் நான் கற்றது என்ன? சாரல் என்றால் என்ன என்று அவள் கேட்டாள். அகராதியில் 'டிரிஸில்' என்று போட்டிருந்தது. ஆனால் டிரிஸில் என்றால் வெறும் தூறல்தானே. நம்ம சாரலில் காற்று இருக்கிறது, குளிர் இருக்கிறது, நடுவில் வெயிலும் எட்டிப் பார்க்கும். அதைச் சொல்ல எனக்கு இங்கிலீஷில் ஆறு வரி தேவைப்பட்டது. நோட்ஸில் அந்த ஆறு வரி கிடையாது. நானேதான் எழுத வேண்டியிருந்தது. அதே மாதிரி பொங்குமாங்கடலையும், ஐந்தருவியையும், சீசன் கடைகளில் விற்கும் மங்குஸ்தானையும் எழுதினேன். தேவை வந்தால் வார்த்தை தானாகத் தேடி வருகிறது.

நாம் சாதாரணமாகச் சொல்லும் சில இங்கிலீஷ் அவர்களுக்குப் புரியாது. "அப்பா அவுட் ஆஃப் ஸ்டேஷன்" என்றால் ரயில் நிலையத்துக்கு வெளியே நிற்கிறாரா என்று கேட்பார்கள். "வாட் இஸ் யுவர் குட் நேம்?" என்றால், கெட்ட பெயர் வேறு இருக்கிறதா என்று யோசிப்பார்கள். இது நம் நாட்டு வழக்கு என்றும், வெளிநாட்டுக்கு எழுதும்போது மாற்றிக்கொண்டால் போதும் என்றும் டீச்சர் சொன்னார்கள். "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்" என்பதை மட்டும் "ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்" என்று எழுதிப் பழக வேண்டும்.

கடிதம் நம்ம ஊர்ச் சொத்து

குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி. (1882–1954) அவர்களின் கடிதங்கள் புத்தகமாகவே வந்துள்ளன. நேரில் உட்கார்ந்து பேசுவது போலவே எழுதுவார் என்று அவரைப் புகழ்வார்கள். 2011 முதல் தென்காசிப் பக்கம் இயங்கி வரும் ஜோஹோ நிறுவனத்துக்கு மத்தளம்பாறையில் அலுவலகம் இருக்கிறது. அந்த நிறுவனத்தின் மென்பொருள்களில் இமெயிலும் ஒன்று. கடிதம் எழுதிய பெரியவரும் நம்ம ஊர், இமெயில் கம்பெனியும் நம்ம ஊர். அப்புறம் நமக்கு என்ன தயக்கம்?

எப்படி எழுத வேண்டும்?

1. முதலில் நோட்டில் எழுதுங்கள். பிறகு டைப் செய்யுங்கள். இமெயிலில் அவசரமே இல்லை. டொரன்டோவில் இருந்து கோடையில் நமக்கு ஒன்பதரை மணி நேரம் வித்தியாசம். நாம் காலை ஒன்பதரைக்குப் பள்ளியில் இருக்கும்போது அங்கே நள்ளிரவு 12 மணி! பேசும்போது கிடைக்காத நேரம் எழுதும்போது கிடைக்கிறது. இதுதான் கூச்சப்படுகிறவர்களுக்குப் பெரிய வசதி.

2. கடிதத்தில் இரண்டு கேள்வியாவது கேளுங்கள். கேள்வி இல்லாத கடிதத்துக்குப் பதில் எழுதுவது கஷ்டம்.

3. தோழியின் கடிதத்தில் மூன்று பிழைக்கு மேல் திருத்தாதீர்கள். எல்லாவற்றையும் திருத்தினால் அடுத்த கடிதம் வராது.

4. அவர் திருத்தியதைத் தனி நோட்டில் எழுதி, அடுத்த கடிதத்தில் அதே வாக்கிய அமைப்பைப் பயன்படுத்துங்கள்.

5. கூகுள் மொழிபெயர்ப்பில் 2011-லேயே தமிழ் வந்துவிட்டது. இப்போது முழுக் கடிதத்தையும் எழுதித் தரும் ஏஐ-யும் வந்துவிட்டது. ஒரு வார்த்தைக்கு அர்த்தம் பார்க்கலாம், தப்பில்லை. கடிதம் முழுவதையும் அது எழுதினால் சைக்கிளை அது மிதிக்கிறது, நாம் சும்மா உட்கார்ந்திருக்கிறோம். கால் எப்படிப் பலப்படும்?

கவனம் தேவை!

வீட்டு முகவரி, போன் நம்பர், போட்டோ எதையும் அனுப்பக் கூடாது. எங்கள் கடிதங்கள் டீச்சரின் இமெயில் வழியாகத்தான் போகின்றன, வருகின்றன. தெரியாத ஆள் தானாக வந்து "ஃபிரண்ட் ஆகலாமா?" என்று கேட்டால் உடனே வீட்டிலும் ஆசிரியரிடமும் சொல்ல வேண்டும். என் தோழியின் பெயரை இங்கே நான் எழுதாததும் அதனால்தான்.

கணினி இல்லை என்றாலும் விட வேண்டாம். செங்கோட்டையைத் தாண்டினால் கேரளா. அங்குள்ள பிள்ளைகளும் நம்மைப் போலவே இங்கிலீஷைப் படித்துத்தான் கற்கிறார்கள். டீச்சர் மூலமாக ஒரு பள்ளிக்குத் தபாலில் எழுதலாம். அதுவும் முடியாவிட்டால் பக்கத்து வகுப்புத் தோழியோடு ஒரே நோட்டை மாற்றி மாற்றி எழுதுங்கள். வாசிக்க ஒரு ஆள் வேண்டும், பதில் வர வேண்டும். அவ்வளவுதான்.

அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். வாரம் பத்து வரி எழுதினால் வருஷத்துக்கு ஐந்நூறு வரிக்கு மேல் ஆகிறது. சொந்தமாக ஐந்நூறு வரி எழுதிய பெண், நாளைக்குக் காலேஜில் கேள்வி கேட்க எழுந்து நிற்பாள். எழுதலாமா தோழிகளே?

– ஒன்பதாம் வகுப்பு மாணவி