நகரமைப்பும் மக்கள் வாழ்வும்

நகரங்கள் இருவகையாகத் தோன்றுகின்றன. ஆற்றுத்துறையிலோ, சந்தை கூடும் இடத்திலோ, கோட்டை வாயிலிலோ சிலர் குடியேறுகின்றனர். அவர்களை அடுத்து வேறு சிலர் வந்து சேர்கின்றனர். மக்கள் நடந்து பழகிய ஒற்றையடிப் பாதையே நாளடைவில் தெருவாகிவிடுகின்றது. இவ்வாறு யாரும் திட்டமிடாமலே வளர்ந்த நகரங்கள் ஒருவகை. வெற்று நிலத்திலே கயிறு பிடித்துக் கோடு கீறி, தெரு இது, சந்தை இது, குடியிருப்பு இது என வகுத்த பின்னர் மக்களைக் குடியேற்றிய நகரங்கள் மற்றொருவகை. சிந்துவெளியின் மொகஞ்சதாரோவில் நேர்த்தெருக்களும் கழிவுநீர் வாய்க்கால்களும் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஒழுங்குபட அமைந்திருந்தன.

இருவகை நகரங்களுக்கும் பொதுவான உண்மை ஒன்றுண்டு. வீடு பழுதானால் இடித்துக் கட்டிவிடலாம். தெருவை மாற்றுவது அத்துணை எளிதன்று. காணியின் எல்லைகள் தெருவைப் பற்றியே அமைகின்றன. உறுதிகள் அவ்வெல்லைகளைக் கொண்டே எழுதப்படுகின்றன. ஆகவே, ஒரு நகரத்தின் படத்திலே கோடு கீறுபவர், இனிப் பிறக்கவிருக்கும் மக்கள் எவ்வழியே நடப்பர், எவ்வளவு காற்றும் வெளிச்சமும் பெறுவர் என்பதையும் சேர்த்தே தீர்மானிக்கின்றார். அக்கோடு யாரை மனத்திற்கொண்டு கீறப்பட்டது? நகரங்கள் சிலவற்றின் வரலாற்றை இவ்வினாவோடு நோக்குவோம்.

முதலில் இலண்டன் மாநகரம். 1666ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 2ஆம் திகதி அதிகாலையில், அந்நகரின் வெதுப்பகம் ஒன்றிலே பற்றிய தீ நான்கு நாட்களாக எரிந்தது. பதின்மூவாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளும் எண்பத்தேழு தேவாலயங்களும் சாம்பராயின. தீ மூண்டு பத்து நாட்கள் கழியுமுன்னரே, கிறிஸ்தோபர் றென் என்னும் அறிஞர் புதிய நகரத்தின் படமொன்றை இரண்டாம் சாள்ஸ் மன்னரிடம் சமர்ப்பித்தார். அகன்ற நேர்வீதிகளும், வீதிகள் பல வந்து கூடும் சதுக்கங்களும் கொண்ட அழகிய படம் அது. எனினும் அது நிறைவேறவில்லை. வீடுகள் எரிந்தனவேயன்றி உரிமைகள் எரியவில்லை. தன் காணியின் எல்லை எதுவென்பதை ஒவ்வொரு குடியானவனும் அறிவான். அவை யாவற்றையும் விலைகொடுத்து வாங்க அரசிடம் பொருளில்லை. வயல்வெளிகளிலே கூடாரமிட்டிருந்த மக்களுக்குக் காத்திருக்க இயலவில்லை. ஆதலின் 1667ஆம் ஆண்டுச் சட்டம் பழைய தெருக்களைப் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டு, சிலவற்றை அகலமாக்கி, வீடுகளைச் செங்கல்லாலோ கருங்கல்லாலோ கட்டவேண்டும் என விதித்தது. வீட்டுக்காரருக்கும் குடியிருந்தோருக்கும் எழுந்த வழக்குகளைத் தீர்க்கத் தனி மன்றமும் ஏற்பட்டது. இன்றும் இலண்டனின் வணிகப் பகுதியில், வானளாவும் மாளிகைகளின் இடையே இடைக்காலத்துக் கோணற்றெருக்கள் நெளிந்து செல்வதைக் காணலாம்.

உரிமைகள் தடுத்தமையால் இலண்டனிலே திட்டம் நின்றது. அமெரிக்காவின் நியூயோர்க்கில் திட்டமே மேலோங்கியது. 1811ஆம் ஆண்டிலே மூவர் கொண்ட ஆணைக்குழு ஒன்று மான்ஹற்றன் தீவின் எதிர்காலத்தை ஒரே படத்தில் வரைந்தது. நெடுக்கே பன்னிரண்டு பெருவீதிகள்; குறுக்கே நூற்றைம்பத்தைந்து தெருக்கள். அப்பொழுது நகரம் தீவின் தென்முனையில் மட்டுமே இருந்தது. எஞ்சியன பண்ணைகளும் மேடுபள்ளங்களுமே. நிலம் அளக்கச் சென்ற ஜோன் றாண்டெல் என்பார், அத்துமீறிப் புகுந்தார் என நிலவுடைமையாளரால் வழக்குக்கு இழுக்கப்பட்டார். நேர்ச்சுவர்களும் செங்கோண மூலைகளும் உடைய வீடுகளே கட்டுவதற்கு மலிவானவை, வாழ்வதற்கு வசதியானவை என்பது ஆணைக்குழுவினர் கூறிய நியாயம். பூங்காக்களுக்கு அவர்கள் விட்ட இடமோ மிகக் குறைவு. பெரு நீர்நிலைகள் சூழ்ந்த தீவுக்கு அவையே போதிய காற்றைத் தருமென அவர்கள் கருதினர்.

நாற்பது ஆண்டுகளிலே அத்தவறு புலனாயிற்று. நெருங்கிய நகரத்துக்கு மூச்சுவிட இடம் வேண்டி, 1853ஆம் ஆண்டிலே பெரும்பூங்கா ஒன்றுக்குச் சட்டம் இயற்றப்பட்டது. இன்று 843 ஏக்கர் பரந்துள்ள மத்திய பூங்கா அதுவே. ஆயின் அந்நிலம் வெற்றிடமாக இருக்கவில்லை. செனெக்கா கிராமம் என்னும் குடியிருப்பு அதனுள் இருந்தது. அங்கு வாழ்ந்த இருநூறுக்கு மேற்பட்டோருள் பெரும்பாலார் கறுப்பினத்தவர். சொந்தக் காணியும், தேவாலயங்களும், பள்ளிக்கூடமும் உடையோர். சொத்துடைய கறுப்பினத்து ஆடவர்க்கே அம்மாநிலத்தில் வாக்குரிமை இருந்த காலம் அது. ஆகவே, காணியை இழந்தவர் குடியுரிமையின் ஒரு பங்கையும் இழக்க நேர்ந்தது. 1857ஆம் ஆண்டுடன் அக்கிராமம் மறைந்தது. காணிக்கு நட்டஈடு கொடுக்கப்பட்டது. சிதறிய அயலை மீட்டுக்கொடுக்க எவராலும் முடியவில்லை.

மக்களின் வாழ்க்கையை முதலில் ஆராய்ந்து, பின்னர் கோடு கீறியவர் எவருமிலரோ? இருந்தனர். ஸ்பெயின் நாட்டின் பார்சலோனா நகரம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை மதில்களுக்குள் அடைபட்டுக் கிடந்தது. மதிலுக்கு வெளியே வீடு கட்டப் படையினர் இடங்கொடுக்கவில்லை. தெருக்கள் குறுகின, மாடிகள் உயர்ந்தன, கொள்ளைநோய் அடிக்கடி வந்தது. 1854ஆம் ஆண்டிலே மதில்களை இடிக்கத் தொடங்கியபொழுது, இல்டெபொன்ஸ் செர்தா என்னும் பொறியியலாளர் தொழிலாளர் குடும்பங்களின் கூலி, வாடகை, உணவு, இருப்பிடம் ஆகியவற்றைக் கணக்கெடுத்தார். செல்வரினும் தொழிலாளர் இளவயதிலேயே மாண்டுபோவதை எண்களால் காட்டினார். உறங்குகின்ற ஒருவனுக்கு வேண்டிய காற்றின் அளவையும் கணித்தார்.

1859ஆம் ஆண்டிலே ஏற்கப்பட்ட அவருடைய திட்டம் இக்கணக்குகளின் விளைவேயாகும். பக்கத்துக்கு ஏறத்தாழ 113 மீற்றர் நீளமுடைய சதுரங்கள். அவற்றின் இடையே பெரும்பாலும் 20 மீற்றர் அகலமுள்ள வீதிகள். சந்திகளில் பார்வைக்கும் திரும்புதற்கும் இடம் விட்டு வெட்டப்பட்ட மூலைகள். ஒவ்வொரு சதுரத்திலும் இரு பக்கங்களில் மட்டும் வீடுகளை அமைத்து, நடுவிலே தோட்டம் விடவேண்டும் என்பது அவர் கருத்து. செல்வர்க்கு ஓரளவு, ஏழைகட்கு ஓரளவு என அவர் நிலத்தைப் பிரிக்கவில்லை. ஆயின் காணிக்காரர் நான்கு பக்கமும் கட்டினர். மாடிமேல் மாடி எழுப்பினர். தோட்டமாக வேண்டிய இடங்களைத் தொழிற்கூடங்களால் நிரப்பினர். தோட்டங்கள் மறைந்தும் வீதிகள் நிலைத்தன. அவ்வகன்ற வீதிகள் எஞ்சியிருந்தமையாலேயே, 2016ஆம் ஆண்டு முதல் அந்நகரசபை சில பகுதிகளில் வாகனங்களைக் கட்டுப்படுத்தி, மரங்களையும் இருக்கைகளையும் அமைத்து, மக்களுக்கு இடத்தை மீட்டுக்கொடுக்க முடிந்தது.

இருபதாம் நூற்றாண்டிலே, வெற்று மேட்டுநிலத்தில் ஒரு தலைநகரத்தையே எழுப்பிய நாடு பிறேசில். லூசியோ கொஸ்தா 1957ஆம் ஆண்டிலே வரைந்த படத்தின்படி, ஒஸ்கார் நீமேயரின் கட்டடங்களோடு, 1960ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 21ஆம் திகதி பிறேசிலியா நகரம் திறந்துவைக்கப்பட்டது. மரநிழலும், பள்ளியும், கடையும் அருகருகே அமைந்த அதன் குடியிருப்புகள் இன்றும் பாராட்டப்படுகின்றன. ஆனால், வறிய வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வந்து அதனைக் கட்டிய தொழிலாளர் பலருக்கு அங்கே இடமில்லை. நகரம் திறக்கப்படுமுன்னரே, 1958ஆம் ஆண்டில் தாகுவாதிங்கா என்னும் துணைநகரம் வெளியே தோன்றிற்று. 1971ஆம் ஆண்டிலே, அனுமதியின்றிக் குடிசையிட்டோர் செய்லாந்தியா என்னும் இடத்துக்குப் பெயர்க்கப்பட்டனர். இன்று அவ்வட்டாரத்து மக்களுள் மிகப் பெரும்பாலோர் கொஸ்தா வரைந்த படத்துக்கு வெளியேதான் வாழ்கின்றனர். நாள்தோறும் நெடுந்தூரம் பயணஞ்செய்தே வேலைக்கு வருகின்றனர்.

இங்கு நம் நாட்டோடும் தொடர்புடைய அறிஞர் ஒருவரை நினைத்தல் தகும். ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த பற்றிக் கெடிஸ் என்பார் உயிரியல் கற்றவர். 1914ஆம் ஆண்டிலே இந்தியாவுக்கு வந்து, தஞ்சாவூர், மதுரை முதலிய ஊர்களை ஆராய்ந்தார். 1921ஆம் ஆண்டிலே கொழும்பு நகரின் அமைப்புப் பற்றியும் அறிக்கை எழுதினார். நோயை ஆராயாது மருந்து கொடுக்கலாகாது என்பதே அவருடைய கொள்கை. நெருங்கிய குடியிருப்பை முற்றாக இடித்து அகலவீதி போடுவதை அவர் எதிர்த்தார். முதலில் ஒழுங்கைதோறும் நடந்து பார்க்கவேண்டும். கிணறும் கோயிலும் நிழல்மரமும் எங்குள்ளன என அறியவேண்டும். பாழடைந்த வீடுகள் சிலவற்றை மட்டும் அகற்றிச் சிறு வெளிகளை உண்டாக்கவேண்டும் என்றார். வேண்டிய இடத்தில் மட்டும் கத்தி வைக்கும் சத்திர சிகிச்சைக்கு அதனை அவர் ஒப்பிட்டார்.

நேயர்களே, உலக மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இன்று நகரவாசிகள். புதிய வீதிகளும் குடியிருப்புகளும் எங்கும் எழுந்தவண்ணம் இருக்கின்றன. நம் ஊரிலும் இத்தகைய படமொன்று மக்கள் பார்வைக்கு வைக்கப்படும் நாள் வரலாம். அன்று அதன் வண்ணங்களைக் கண்டு மகிழ்வதோடு நில்லாது, இக்கோடு செல்லும் இடத்தில் இப்பொழுது வாழ்பவர் யார், இதனைக் கட்டப்போகும் தொழிலாளி எங்கே குடியிருப்பான் என்னும் இரு வினாக்களையும் நாம் கேட்டல் வேண்டும். கோடு காகிதத்தில் இருக்கும்பொழுது அதனை அழித்து எழுதுவது எளிது. அது நிலத்தில் இறங்கியபின்னர் நம் பேரப்பிள்ளைகளும் அதன்வழியேதான் நடக்கவேண்டியிருக்கும்.