ஓடிடி சந்தா: 'ஒரிஜினல்' படங்களை நம்பிக் காசு கட்டலாமா? போடி மலையடிவாரத்திலிருந்து ஒரு கணக்கு

போடிநாயக்கனூரில் ஏலக்காய் வாங்கும் வியாபாரி முதலில் சாம்பிளைத்தான் பார்ப்பார். நிறம் எப்படி, பருமன் எப்படி, காய் நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் விலை கேட்பார். ஏலம் இப்போது கம்ப்யூட்டர் திரைக்கு மாறிவிட்டது. ஆனாலும் சாம்பிள் பார்க்காமல் யாரும் காசை இறக்குவதில்லை.

ஓடிடி சந்தாவில் இது அப்படியே தலைகீழ். முதலில் பணம், அப்புறம்தான் படம். 'எங்கள் தளத்தில் மட்டும்', 'ஒரிஜினல்' என்று போஸ்டர் அடித்து வருஷச் சந்தாவுக்குக் கூப்பிடுகிறார்கள். கட்டிய பிறகு பார்த்தால், "இதுக்கா இவ்வளவு காசு?" என்ற கேள்வி பல வீடுகளில் எழுகிறது. உண்மையில் அந்த ஒரிஜினல் படங்களுக்காகச் சந்தா கட்டுவது ஒர்த்தா? கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

வருஷத்துக்கு எவ்வளவு?

2025 நிலவரப்படி நெட்ஃபிளிக்ஸின் மொபைல் பிளான் மாதம் 149 ரூபாய். வருஷத்துக்கு 1,788. அமேசான் பிரைம் ஆண்டுச் சந்தா 1,499. ஜியோஹாட்ஸ்டார் 2025 பிப்ரவரியில் தொடங்கியபோது அறிவித்த மொபைல் பிளான் ஆண்டுக்கு 499. மூன்றையும் கூட்டினால் 3,786 ரூபாய். மாதத்துக்கு ஏறக்குறைய 315.

இதோடு முடியவில்லை. நெட்ஃபிளிக்ஸ் மொபைல் பிளானை டிவியில் போட முடியாது. வீட்டில் நாலு பேர் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றால் 199 ரூபாய் பிளானுக்குப் போக வேண்டும். பிரைமில் 2025 ஜூன் முதல் படத்துக்கு நடுவே விளம்பரம் வருகிறது. அது வேண்டாம் என்றால் ஆண்டுக்கு இன்னொரு 699 ரூபாய். சோனிலிவ், ஜீ5, ஆஹா தமிழ் எல்லாம் இந்தக் கணக்கிலேயே வரவில்லை.

மாதச் சம்பளக்காரருக்கு இது ஒரு ஹோட்டல் பில். ஆனால், காய் எடுக்கிற சீசனில் ஜீப் ஏறி மலைக்குப் போய்க் கூலி வாங்கும் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 3,786 ரூபாய் சின்னத் தொகை இல்லை.

'ஒரிஜினல்' என்றால் என்ன?

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். ஓடிடியில் வரும் தமிழ்ப் படங்கள் மூன்று வகை.

முதல் வகை, தளமே ஆரம்பத்திலிருந்து காசு போட்டுத் தனக்காக எடுக்க வைப்பது. இரண்டாவது, தயாரிப்பாளர் தியேட்டரை மனதில் வைத்து எடுத்த படத்தைத் தளம் வாங்கி நேரடியாக வெளியிடுவது. மூன்றாவது, தியேட்டரில் ஓடி முடித்த படம்.

முதல் இரண்டு வகைக்கும் போஸ்டரில் கிட்டத்தட்ட ஒரே முத்திரைதான். பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால், தரத்தைப் பற்றிப் பேசும்போது இந்த வித்தியாசம்தான் முக்கியம்.

மூன்றாவது வகைக்குக் கணக்கு சுலபம். 'ஜெயிலர்' 2023 ஆகஸ்ட் 10-ல் தியேட்டருக்கு வந்தது, செப்டம்பர் 7-ல் பிரைமுக்கு வந்தது. 'மகாராஜா' 2024 ஜூன் 14-ல் தியேட்டர், ஜூலை 12-ல் நெட்ஃபிளிக்ஸ். இரண்டுக்கும் சரியாக 4 வாரம். ஒரு டிக்கெட் 100 ரூபாய் என்று வைத்தாலே நாலு பேருக்கு 400. அதே படத்தை ஒரு மாதம் பொறுத்து 199 ரூபாய் பிளானில் வீட்டு டிவியிலேயே பார்க்கலாம். அந்தக் காலத்து 'செகண்ட் ரிலீஸ்' தியேட்டர் செய்த வேலையை இப்போது ஓடிடி செய்கிறது. இந்த வகையில் காசு வீணில்லை.

10 விருதுகள் சொல்லும் கதை

நல்ல படம் நேரடியாக ஓடிடிக்கு வராதா என்றால், வந்திருக்கிறது. 2020-ம் ஆண்டுக்கான 68-வது தேசியத் திரைப்பட விருதுகளில் தமிழுக்கு 10 விருதுகள் கிடைத்தன. 'சூரரைப் போற்று' படத்துக்கு 5, 'சிவரஞ்சனியும் இன்னும் சில பெண்களும்' படத்துக்கு 3, 'மண்டேலா'வுக்கு 2. இந்த மூன்றையும் மக்கள் முதலில் பார்த்தது தியேட்டரில் அல்ல. முதலாவது பிரைமில், இரண்டாவது சோனிலிவில் வந்தது. மூன்றாவது விஜய் டிவியில் ஒளிபரப்பாகி, பிறகு நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தது. 2021-ல் 'சார்பட்டா பரம்பரை', 'ஜெய் பீம்' இரண்டும் நேரடியாக பிரைமுக்கே வந்தன.

அப்போ ஒரிஜினல்கள் தரமானவைதானே? அவசரப்பட வேண்டாம். 'சூரரைப் போற்று', 'சார்பட்டா' எல்லாம் பெரிய திரைக்காக எடுக்கப்பட்டவை. கொரோனா காலத்தில் தியேட்டர் கதவு மூடியதால் ஓடிடிக்கு வந்தன. தளம் அவற்றை வாங்கியது, உருவாக்கவில்லை. அதே காலத்தில் அதே வழியில் வந்த 'ஜகமே தந்திரம்' கலவையான விமர்சனத்தைச் சந்தித்தது, 'மாறன்' பெரிதாக எடுபடவில்லை. அதாவது, ஓடிடி முத்திரை தரத்துக்கு உத்தரவாதம் இல்லை. அந்த இரண்டு வருஷம் நல்லதும் சுமாரானதும் சேர்ந்தே அந்தப் பக்கம் ஒதுங்கின.

தியேட்டர்கள் முழுசாகத் திறந்ததும் பெரிய படங்கள் பழைய வழிக்கே திரும்பிவிட்டன. அதன் பிறகு நேரடியாக வந்தவற்றில் அதிகம் பேசப்பட்டது, 2025 ஏப்ரல் 4-ல் நெட்ஃபிளிக்ஸில் வெளியான 'டெஸ்ட்'. மாதவன், நயன்தாரா, சித்தார்த் என மூன்று பெரிய பெயர்கள் இருந்தும் விமர்சனங்கள் கலவைதான்.

தளங்கள் உண்மையிலேயே முனைந்து தமிழில் எடுக்க வைத்தவை பெரும்பாலும் வெப் சீரிஸும் குறும்படத் தொகுப்புகளும்தான். 'சுழல்', 'வதந்தி', ஜீ5-ல் வந்த 'விலங்கு', 'அயலி' ஆகியவை அப்படி வந்தவை. பெண் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசிய 'அயலி' போன்ற கதைக்கு இரண்டரை மணி நேரப் படத்தைவிட எட்டு எபிசோடு வடிவம் நன்றாகவே பொருந்தியது. சீரிஸ் பிடிக்கும் என்பவருக்குச் சந்தாவில் சரக்கு இருக்கிறது. ஒரிஜினல் படம் மட்டும்தான் வேண்டும் என்பவருக்கு, வருஷம் முழுக்கக் கட்டும் அளவுக்கு இல்லை.

மலைச்சரிவுக்கு வேற கணக்கு

போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். அதைத் தாண்டினால் பூப்பாறை, சாந்தன்பாறை என்று கேரளத்து ஏலத் தோட்டங்கள். இந்த வழியில் போனவர்களுக்குத் தெரியும், டவர் எல்லா வளைவிலும் ஒரே மாதிரி கிடைக்காது. ஆகவே, இங்கே சந்தாவின் விலையோடு டேட்டாவின் விலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் கணக்குப்படி, சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 1 ஜிபி வரை, ஹெச்டி தரத்தில் 3 ஜிபி வரை செலவாகும். இரண்டரை மணி நேரப் படம் ஹெச்டியில் 7.5 ஜிபி வரை இழுக்கும். தினம் 2 ஜிபி ரீசார்ஜ் போட்டவருக்கு இடைவேளைக்கு முன்பே டேட்டா காலி. இதற்கு ஒரே வழி, கீழே வைஃபை கிடைக்கும் இடத்தில் டவுன்லோட் செய்துகொண்டு மேலே போவது. ஆனால், டவுன்லோட் செய்த படமும் நிரந்தரம் இல்லை. சில படங்கள் பார்க்க ஆரம்பித்த 48 மணி நேரத்தில் காலாவதியாகிவிடும்.

வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளின் பாஸ்வேர்டில் ஊரில் அப்பா, அம்மா பார்ப்பது ரொம்ப நாள் வழக்கமாக இருந்தது. 2023 ஜூனில் சென்னையிலிருந்து போடிக்கு நேரடி ரயில் வந்தது. அதற்கு அடுத்த மாதமே, ஒரு நெட்ஃபிளிக்ஸ் கணக்கு ஒரு வீட்டுக்கு மட்டும்தான் என்ற கட்டுப்பாடும் இந்தியாவுக்கு வந்துவிட்டது. பிரைமிலும் 2025 ஜனவரி முதல் 5 கருவிகள், அதில் 2 டிவி மட்டும் என்று வரம்பு. இப்போது பெங்களூரில் ஒரு சந்தா, போடியில் ஒரு சந்தா என்று செலவு இரட்டிப்பாகும் வீடுகள் உண்டு.

இந்த மலையின் கதையை யார் எடுப்பார்கள்?

கேள்வி நம் பர்ஸைப் பற்றியது மட்டும் இல்லை. இந்த மலைச்சரிவையே கதைக்களமாகக் கொண்ட படம் 'மேற்குத் தொடர்ச்சி மலை'. லெனின் பாரதி இயக்கத்தில், விஜய் சேதுபதி தயாரிப்பில், 2018 ஆகஸ்ட் 24-ல் தியேட்டருக்கு வந்தது. இளையராஜா இசை, தேனி ஈஸ்வர் ஒளிப்பதிவு. ஏலக்காய் மூட்டை சுமந்து மலை இறங்கும் ஒரு தொழிலாளி, சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்க ஆசைப்படுகிறான். வாங்கிய நிலம் கைவிட்டுப் போய், கடைசியில் அதே மண்ணில் காவல்காரனாக நிற்கிறான். பெரிய ஸ்டார் இல்லை, சண்டை இல்லை. நடித்தவர்களில் பலர் அந்தப் பகுதி மக்கள்.

இன்னொரு பக்கம் 'கூழாங்கல்'. மதுரை மாவட்டத்தின் வறண்ட நிலத்தில் பி.எஸ்.வினோத்ராஜ் எடுத்த படம். 2021-ல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் உயரிய டைகர் விருது வாங்கியது. இந்தியாவின் சார்பில் ஆஸ்கருக்கும் போனது. மக்கள் பார்வைக்கு வந்தது 2023 அக்டோபர் 27-ல், நேரடியாக சோனிலிவில். ஓடிடி இல்லையென்றால் போடி மாதிரி ஊரில் இருப்பவர் அதைப் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.

ஆக, ஒரு படத்தைத் தியேட்டர் கொண்டுவந்தது, இன்னொன்றை ஓடிடி கொண்டுவந்தது. ஆனால், இரண்டையும் தொடங்கி வைத்தது எந்தத் தளமும் இல்லை. யாரோ ஒரு தயாரிப்பாளர் துணிந்து காசு போட்டார். தமிழ்ப் படங்களைப் பொறுத்தவரை, தளங்கள் பயிர் வைப்பதைவிட விளைந்ததை வாங்குவதே அதிகம். நம் சந்தா அடுத்த 'மேற்குத் தொடர்ச்சி மலை'யை உருவாக்கும் என்று நம்பிக் கட்டினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். உருவான படத்தை நம் போன் வரை கொண்டுவரும் என்று நம்பினால் கட்டலாம்.

அப்போ என்ன செய்யலாம்?

ஒன்று, மூன்றையும் ஒரே நேரத்தில் வைத்திருக்காதீர்கள். மாற்றி மாற்றிக் கட்டுங்கள். நெட்ஃபிளிக்ஸ் மொபைல் 4 மாதம் 596, பிரைம் 3 மாதம் 599, ஜியோஹாட்ஸ்டார் மொபைல் 3 மாதம் 149. மொத்தம் 1,344 ரூபாய். வருஷம் முழுக்கக் கட்டுவதோடு ஒப்பிட்டால் 2,442 ரூபாய் மிச்சம். அமேசானில் அடிக்கடி பொருள் வாங்குபவருக்கு மட்டும் பிரைம் ஆண்டுச் சந்தா லாபம், டெலிவரிச் சலுகையும் அதில் இருக்கிறது.

இரண்டு, ஆட்டோ-பேயை அணைத்து வையுங்கள். பார்க்காத மாதத்துக்குப் பணம் போவது பெரும்பாலும் இதனால்தான். புதிதாகக் கட்டும் முன், உங்கள் ரீசார்ஜ் பிளானிலோ பிராட்பேண்டிலோ ஏற்கெனவே எந்தத் தளம் சேர்ந்திருக்கிறது என்றும் பாருங்கள்.

மூன்று, தளத்தைப் பார்த்துக் கட்டாதீர்கள், பட்டியலைப் பார்த்துக் கட்டுங்கள். பார்க்க வேண்டிய நாலைந்து படங்களைக் குறித்து வைத்து, அவை எங்கே இருக்கின்றன என்று ஜஸ்ட்வாட்ச் போன்ற தளத்தில் தேடிவிட்டு, அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். உரிமக் காலம் முடிந்தால் படங்கள் தளத்தை விட்டுப் போய்விடும் என்பதால், 'அப்புறம் பார்க்கலாம்' என்று தள்ளவும் வேண்டாம்.

நான்கு, நல்ல சின்னப் படத்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள். நெட்ஃபிளிக்ஸ் தன் பார்வைக் கணக்கை, மொத்தம் பார்த்த நேரத்தைப் படத்தின் நீளத்தால் வகுத்துத்தான் சொல்கிறது. பாதியில் எழுந்து போனால் பாதிப் பார்வைதான். அடுத்து எந்த மாதிரிப் படத்தை வாங்கலாம் என்று முடிவெடுப்பவர்களின் மேஜையில் இருப்பது இந்த எண்கள். சாம்பிள் காட்டாமல் விற்கும் கடையில், வாங்குகிறவர் கையில் இருப்பது இரண்டே உரிமைகள்: பிடித்ததை முழுசாகப் பார்ப்பது, பிடிக்காத மாதம் காசு கட்டாமல் விடுவது.