கசப்பின் ஆயுள்

சித்த வைத்திய மரபு, மருந்து செய்யும் முறையைக் கூறுவதோடு அமையாமல், செய்த மருந்து எத்தனை காலம் வீரியத்தோடு நிற்கும் என்பதையும் வரையறுத்துச் சொல்கிறது. இலைச்சாற்றுக்கும் குடிநீர் எனப்படும் கஷாயத்துக்கும் ஒரு சாமம், அதாவது 3 மணி நேரம், சூரணத்துக்கு 3 மாதம் என்னும் அந்தக் கணக்கைக் காண்போருக்கு, மூலிகை மருந்து கெடுவதே இல்லை என்று ஊரில் வழங்கும் அபிப்பிராயம் முன்னோருடையது அன்று என்பது விளங்கும். இக்காலச் சூரணப் புட்டிகளிலோ அதனினும் பன்மடங்கு நீண்ட கெடு அச்சாகியிருக்கிறது. அந்த நீட்சிக்கு ஆதாரம் யாது என்று கேட்பது நியாயமே.

நிலவேம்பை எடுத்துக்கொள்வோம். அதன் இலையில் மிகுந்துள்ள கசப்புப் பொருளான ஆன்ட்ரோகிராஃபோலைடை 1911-ஆம் ஆண்டில் கோர்ட்டர் என்னும் டச்சு இரசாயனி தூய படிகமாகப் பிரித்தெடுத்தார். இப்பொருளின் சுபாவம் விசித்திரமானது: படிக நிலையில் கடும் வெப்பத்தையும் ஈரத்தையும் மாதக்கணக்கில் தாங்கி நிற்கும் இதுவே, படிக ஒழுங்கு குலைந்த தூளாக இருக்கும்போது அதே சூழலில் விரைந்து சிதைகிறது, கரைசலில் இருந்தாலோ, இலேசான புளிப்பில் நிலைத்து, காரத்தன்மை ஏற ஏறத் தன் வளையம் திறந்து வேறொரு வஸ்துவாகிவிடுகிறது. நாக்கைச் சாட்சியாகக் கொள்வதற்கும் இல்லை. மிகச் சிறிதளவே எஞ்சினாலும் கசக்கத்தான் செய்யும்.

ஆகவே அளந்தறிய ஒரு கருவி வேண்டும். அக்கருவியின் பிறப்பே ஓர் இலைச்சாற்றில்தான் என்பது பலர் அறியாத செய்தி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வார்சாவில் பணியாற்றிய ருஷ்யத் தாவரவியலார் மிகயீல் ஸ்வெட், சுண்ணத் தூளை நிரப்பிய கண்ணாடிக் குழாயில் இலைச்சாற்றை ஊற்றி வடியவிட, பச்சையும் மஞ்சளுமாக அதன் நிறமிகள் தனித்தனிப் பட்டைகளாகப் பிரிந்து நின்றன. இன்றைய ஆய்வுக்கூடத்தில் பம்பு ஒன்று கரைசலை நுண்மணல் போன்ற சிலிக்கா அடைத்த குழலினூடே செலுத்த, வெளிவரும் ஒவ்வொரு பொருளும் புற ஊதா ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்பதைக் கொண்டு அதன் அளவு கணிக்கப்படுகிறது. 40 பாகை வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள பெட்டியில் மருந்தை 6 மாதம் வைத்து, இடையிடையே மாதிரி எடுத்து இவ்விதம் அளந்தால், கசப்புப் பொருள் எந்த வேகத்தில் குறைகிறது என்பது தெரியவரும்.

ஆயினும் ஒன்றை மட்டும் அளந்து முழு மருந்துக்கும் ஆயுள் எழுதுவதை நான் ஒப்பேன். நிலவேம்புக் குடிநீர்ச் சூரணத்தில் வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் ஆகியவையும் சேர்கின்றன. வெட்டிவேரின் வாசனைத் தைலம் காற்றில் மெல்ல மெல்லப் போய்விடும்; ஈரம் ஏறினால் பூஞ்சையும் பிடிக்கும்; ஆன்ட்ரோகிராஃபோலைடின் அளவு இவ்விரண்டையும் காட்டாது. எனவேதான் தேர்ந்த ஆய்வாளர், சாற்றிலுள்ள பொருள்களையெல்லாம் காட்டி அக்கருவி வரையும் முழு வரைபடத்தையும் புதிய மருந்தின் வரைபடத்தோடு ஒப்பிட்டு, கிருமிச் சோதனையையும் தனியே நடத்துகின்றனர். காய்ச்சி வடித்த குடிநீருக்கோ, அதன் ஆயுள் ஒரு சாமமே ஆதலால், இத்தனை சோதனையும் வேண்டுவதில்லை. சூரணத்தை வைத்துக்கொண்டு, வேண்டியபோது வேண்டிய அளவே காய்ச்சிக்கொள்ளலாம்.