புழு பிடிக்கும் காளான் படுக்கை

சிப்பிக் காளான் கொட்டகைகளின் பின்புறம் பல இடங்களில் ஒரு குவியல் கிடக்கும். அறுவடை முடிந்த வைக்கோல் படுக்கைகள் பாலித்தீன் பையோடு வீசப்பட்டு, மழையில் ஊறி, ஈ மொய்த்துக் கிடக்கும். 1 கிலோ காளானுக்கு ஏறத்தாழ 5 கிலோ கழிவு மிஞ்சும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

ஒரு படுக்கையைப் பிரித்தால், போடும்போது விறைப்பாக இருந்த வைக்கோல் வெளுத்து மெத்தென்றிருக்கும். விரலால் நசுக்கினாலே பொடியும். வைக்கோலுக்கு முரட்டுத்தனம் தருவது லிக்னின். மாட்டின் வயிறும் செரிக்கத் திணறும் அதை உடைக்கும் நொதிகள் சிப்பிக் காளானிடம் உண்டு. மட்கும் வேலையில் ஒரு பங்கை அதுவே முடித்துக் கொடுத்துவிடுகிறது.

சேர்வராயன் மலைக்கு இந்தக் கழிவு வேண்டிய சரக்கு. 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்த காப்பி இன்றும் ஏற்காட்டுச் சரிவுகளில் சில்வர் ஓக் நிழலில் நிற்கிறது. அந்த மரங்களிலேயே மிளகுக்கொடியும் ஏறுகிறது. சனவரிக்குப் பின் மண் காய்ந்துவிடும். மார்ச், ஏப்ரலில் பூ மழை தள்ளிப்போனால் செடி வாடி நிற்கும். வேரில் நூற்புழு என்ற நுண்புழுவும் இருந்தால் மண்ணில் உள்ள கொஞ்ச ஈரத்தையும் செடியால் உறிஞ்ச முடியாது. காப்பி வேரைக் குடையும் ஒரு நூற்புழு இனம் 1898இலேயே ஜாவாவில் அடையாளம் காணப்பட்டது. தென்னிந்திய அராபிகா காப்பிக்கும் அது பழைய பகை.

இங்கேதான் காளானின் விசித்திரம். சிப்பிக் காளான் நூற்புழுவை வேட்டையாடும். கனடாவின் ஆய்வாளர்கள் தார்ன், பாரன் ஆகிய இருவரும் 1984இல் இதை எழுதினார்கள். மரத்திலும் வைக்கோலிலும் தழைச்சத்து குறைவு என்பதால், காளான் அதைப் புழுவின் உடலிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அதன் இழைகளில் நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும் குச்சி மிட்டாய் வடிவ உறுப்புகள் இருக்கின்றன. புழு உரசினால் அவை உடைந்து நஞ்சு வெளிப்படும். புழு சில நிமிடங்களில் செயலிழந்துவிடும். பிறகு இழைகள் உள்ளே புகுந்து சத்தை உறிஞ்சும். அந்த நஞ்சு 3-ஆக்டனோன் என்ற ஆவியாகும் பொருள் என்று 2023இல் தைவான் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அது புழுவின் செல் சவ்வைச் சிதைத்து, நரம்பிலும் தசையிலும் கால்சியத்தைப் பெருக்கெடுக்க வைக்கிறது.

ஆனால் வேட்டையாடுவது உயிருள்ள இழை. படுக்கை முழுதும் மட்கிவிட்டால் வேட்டை நின்றுவிடும். அப்போதும் இழைகளில் இருந்த கைட்டின் என்ற பொருள் மண்ணில் சேர்கிறது. கைட்டினைத் தின்னும் நுண்ணுயிர்கள் அதனால் பெருகும். நூற்புழு முட்டையின் ஓட்டிலும் கைட்டின் இருப்பதால், முட்டைகளும் அவற்றுக்கு இரையாகலாம். இதை நம்பி மற்ற நூற்புழுக் கட்டுப்பாட்டைக் கைவிட வேண்டியதில்லை, துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

யூரியா மூட்டையோடு இந்தப் படுக்கைக் கழிவை ஒப்பிட்டால் ஏமாற்றமே மிஞ்சும். தழைச்சத்து மிகக் குறைவு. மண்ணைப் பொலபொலப்பாக்குவதும் ஈரத்தைப் பிடித்து வைப்பதும்தான் இதன் பலம். பச்சையாக மண்ணில் புதைத்தால், மட்கும்போது அது செடிக்குரிய தழைச்சத்தையே சிறிது காலம் பிடுங்கிக்கொள்ளும். தூரைத் தொடாமல் செடியைச் சுற்றி மூடாக்காகப் பரப்பலாம். அல்லது சாணத்தோடு அடுக்கி இரண்டு, மூன்று மாதம் மட்க விடலாம். மண்புழுவுக்கும் கொடுக்கலாம். மொட்டுக் காளான் கழிவு வேறு ரகம். அதில் கோழி எருவும் ஜிப்சமும் கலந்திருப்பதால் உப்பு அதிகம். சில மாதம் மழையில் கிடந்தபின் போடுவதே நல்லது.

மாட்டுச் சாணத்தை யாரும் பாலித்தீனோடு வயலில் கொட்டுவதில்லை. காளான் படுக்கைக்கு மட்டும் ஏன் இந்தக் கதி? பையோடு கொளுத்தினால் சத்தும் போய், நச்சுப் புகையும் மிஞ்சும். காளான் வளர்ப்பவர்கள் முதலில் பையை உரித்துத் தனியே எடுத்து வையுங்கள். காப்பித் தோட்டக்காரர்கள் பத்துச் செடிக்குப் போட்டு, பக்கத்து வரிசையோடு ஒரு கோடை முழுக்க ஒப்பிட்டுப் பாருங்கள். வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் ஏற்காட்டிலேயே இருக்கிறது. சந்தேகத்தை அங்கே கேட்கலாம்.